ரிசீவர் மீது கை பட்டால் கொடி எப்போது விழும்? அமெரிக்க ஃபுட்பால் விதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைத் தடுக்க நிற்கும் கார்னர்பேக் ஒருவர் இரண்டு கையாலும் அந்த ரிசீவரின் நெஞ்சில் ஓங்கித் தள்ளுகிறார், நடுவர் அசையவில்லை. அடுத்த ஆட்டத்தில் இன்னொருவர் ரிசீவரின் இடுப்பில் லேசாகக் கை வைக்கிறார். குற்றம் என்று காட்ட நடுவர் வீசும் மஞ்சள் கொடி பறக்கிறது. எவ்வளவு பலமாகத் தொட்டார் என்று பார்த்துக்கொண்டிருந்தால் இந்த முடிச்சு அவிழவே அவிழாது. தொட்ட நொடியில் பந்து எங்கே இருந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இடம், கை, பாதிப்பு எல்லாம்.

கீழே வருவது அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். விதிகளின்படி. கல்லூரி, பள்ளி ஆட்டங்களில் மாறும் இடங்களை 8ஆம் பகுதியில் பாருங்கள்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஒரு யார்டு என்பது 3 அடி. மைதானத்தில் 5 யார்டுக்கு ஒரு முழுக் கோடு, ஒவ்வொரு யார்டுக்கும் ஒரு சிறு கோடு. பந்து 32ஆம் யார்டில் இருந்தால், ரிசீவரைத் தள்ள அனுமதி உள்ள 5 யார்டு எல்லை (3ஆம் பகுதியில் விளக்கம்) 37இல் முடிகிறது. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் முன்பே இந்தக் கூட்டலை மனதில் போட்டுவிடுங்கள். ஸ்னாப் ஆன பிறகு, அதாவது பந்து பின்னால் தரப்பட்டு முயற்சி தொடங்கிய பிறகு, நேரம் இருக்காது. தொலைக்காட்சியில் தெரியும் நீலக் கோடு பந்து இருக்கும் இடத்தையும், மஞ்சள் கோடு முதல் டவுனுக்கான இடத்தையும் காட்டும். இரண்டும் ஒளிபரப்பாளர் வரைவது, தோராயமானது. டவுன் என்பது ஒரு முயற்சி; நான்கு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறினால் மீண்டும் முதல் டவுன் கிடைக்கும்.

அடுத்து, மூன்று குற்றங்களின் பெயர்கள்: இல்லீகல் கான்டாக்ட் (எல்லைக்கு அப்பால் தொடுவது), டிஃபென்சிவ் ஹோல்டிங் (பிடித்து நிறுத்துவது), டிஃபென்சிவ் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (காற்றில் வரும் பந்தைப் பிடிக்கவிடாமல் கெடுப்பது). இவற்றுக்கான கை சைகைகளைப் பழகிவிட்டால், ஒலியை அணைத்துவிட்டுக்கூட ஆட்டம் பார்க்கலாம். ஒரு கையை மட்டும் முன்னே நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினால் இல்லீகல் கான்டாக்ட். மூடிய கையின் மணிக்கட்டை மறு கையால் நெஞ்சுக்கு நேரே பிடித்தால் ஹோல்டிங். இரண்டு கைகளையும் தோளிலிருந்து முன்னே தள்ளினால் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்.

முடிந்தால் 22 ஆட்டக்காரர்களும் ஒன்றாகத் தெரியும் உயரக் கோணக் காட்சியைத் தேடிப் பாருங்கள். வழக்கமான ஒளிபரப்பில் கேமரா பந்தை வீசும் குவாட்டர்பேக்கைப் பின்தொடர்கிறது. ரிசீவர் 10 யார்டு ஓடியதும் திரையை விட்டே போய்விடுவார். நாம் பார்க்க வேண்டிய தொடல்களில் பாதி அந்த மறைவில்தான் நடக்கிறது.

2. முதல் கேள்வி: பந்து எங்கே?

ஒரு பாஸ் ஆட்டத்தை, அதாவது பந்தை வீசும் ஒரு முயற்சியை, நான்கு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் குவாட்டர்பேக் பந்தோடு பாக்கெட்டுக்குள் நிற்கிறார். இரண்டு பக்கமும் டாக்கிள்கள் (அவரைக் காக்கும் முன்வரிசையின் இரு ஓர ஆட்டக்காரர்கள்) வழக்கமாக நிற்கும் இடத்தின் வெளி விளிம்புகளுக்கு இடையே, பின்னோக்கி நீளும் பகுதிதான் பாக்கெட். இந்தக் கட்டத்தில் இல்லீகல் கான்டாக்ட், ஹோல்டிங் இரண்டும் செல்லும்.

இரண்டாவது, அவர் பந்தோடு பாக்கெட்டை விட்டு வெளியே ஓடுகிறார். அந்த நொடியே இல்லீகல் கான்டாக்ட் விதி அணைந்துவிடும். ஹோல்டிங் மட்டும் தொடரும். இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் உண்டு. குவாட்டர்பேக் வெளியே வந்துவிட்டால் அவரே ஓடவும் வாய்ப்புண்டு. ரிசீவர்கள் பிளாக் செய்பவர்களாக, அதாவது எதிரணியை மறித்து அவருக்கு வழி விடுபவர்களாக, மாறலாம். அப்போது தடுக்கும் அணியின் ஆட்டக்காரர்களான டிஃபண்டர்களின் கையைக் கட்டிப்போட முடியாது.

மூன்றாவது, பந்து கையை விட்டுக் காற்றில் இருக்கிறது. இப்போது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் விதி விழித்துக்கொள்ளும்.

நான்காவது, பந்தை யாராவது தொட்டுவிட்டார்கள். அத்துடன் இன்டர்ஃபியரன்ஸ் விதி முடிந்தது. தடுக்கும் அணியின் முன்வரிசையில் நிற்கும் டிஃபென்சிவ் லைன்மேன் ஒருவர் விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டிருந்தால், 20 யார்டு தள்ளி அதன் பின் நடக்கும் தொடல் இன்டர்ஃபியரன்ஸ் ஆகாது. புதியவர்கள் மிகவும் தவறவிடுவது இதைத்தான். ரிசீவரை நோக்கிக் கத்துவதற்கு முன், பந்து கிளம்பிய இடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

3. இரண்டாவது கேள்வி: 5 யார்டுக்கு உள்ளேயா, அப்பாலா?

உள்ளே என்றால், தனக்கு முன்னால் இருக்கும் ரிசீவரை டிஃபண்டர் தள்ளலாம், முட்டலாம், கையை எடுக்காமல் தொடர்ந்து வைத்திருக்கவும் செய்யலாம். இதற்கு இரண்டு நிபந்தனைகள்.

ஒன்று, முதல் தொடல் முதுகில் விழக்கூடாது. இரண்டு, ரிசீவர் டிஃபண்டருக்குச் சமமான இடத்தைத் தாண்டும்வரைதான் கை இருக்கலாம். சமம் என்றால் தோளுக்குத் தோள். தாண்டிவிட்டால், 3ஆம் யார்டில் இருந்தாலும் கையை எடுத்தாக வேண்டும். “5 யார்டுவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்” என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். அவர்களிடம் பழகிய பையன்கள் 4ஆம் யார்டிலேயே கொடி வாங்குகிறார்கள்.

5 யார்டைத் தாண்டிய பிறகு, குவாட்டர்பேக் பாக்கெட்டுக்குள் இருக்கும்வரை, விலகி ஓடப் பார்க்கும் ரிசீவரை டிஃபண்டர் தானாகப் போய்த் தொடக்கூடாது. உள்ளே தொடங்கிய தொடலையும் எல்லைக் கோட்டிலேயே விட்டுவிட வேண்டும். ரிசீவரே வந்து மோதினால் தற்காப்புக்குக் கையை உயர்த்தலாம். வேகத்தில் பட்டுப் போகிற, ஓட்டத்தைக் கெடுக்காத உரசலுக்குக் கொடி இல்லை.

கார்னர்பேக்காக ஆடுபவர்களுக்கு: உள்ளங்கை நெஞ்சில், கட்டைவிரல் மேலே, முழங்கை உடம்போடு. கையை அகல விரித்தால் அது தோளைச் சுற்றி அணைப்பாக மாறிவிடும். அடுத்த பகுதிக்கான குற்றம் அங்கேதான் பிறக்கிறது. கை மேலே சறுக்கி முகத்தில் பட்டால் அது வேறு குற்றம்; அதற்கும் 5 யார்டும் முதல் டவுனும் போகும்.

முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் இதைத் தங்களுக்கான விதியாக நினைப்பதே இல்லை. குறுக்கே ஓடிவரும் டைட் எண்டை (பந்தைப் பிடிக்கவும் எதிரணியை மறிக்கவும் செய்பவர்) 7ஆம் யார்டில் தோளால் இடித்து நிறுத்துவது பார்க்க நல்ல தடுப்பாகத் தோன்றும். பந்து இன்னும் பாக்கெட்டுக்குள் இருந்தால், அது இல்லீகல் கான்டாக்ட்.

4. மூன்றாவது கேள்வி: கை தள்ளியதா, பிடித்ததா?

பிடிப்பதற்கு 5 யார்டு சலுகை கிடையாது. ரிசீவரையோ அவர் ஜெர்சியையோ விரல்களால் பற்றினாலும், கையை நீட்டி வழி மறித்தாலும், சுற்றி வளைத்தாலும் ஹோல்டிங்தான். ஸ்னாப் ஆன முதல் யார்டிலும் அப்படித்தான்.

எதைப் பார்ப்பது? ஜெர்சியைப் பாருங்கள். தள்ளும்போது துணி உடம்போடு ஒட்டியிருக்கும். பிடிக்கும்போது துணி உடம்பை விட்டு விலகிக் கூடாரம்போல முக்கோணமாக நிற்கும். அந்த முக்கோணம் ரிசீவர் திசை மாற்றும் நொடியில் தெரிந்தால், கொடி விழ வாய்ப்பு மிக அதிகம். அங்கேதான் பிடி உண்மையில் ஆளை நிறுத்துகிறது. நேராக ஓடும்போது விழும் அரைப் பிடி பலமுறை கவனத்துக்கே வராது.

2023 பிப்ரவரி 12 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த 57ஆவது சூப்பர் பவுல் என்ற என்.எஃப்.எல். இறுதி ஆட்டம் இதற்குச் சரியான பாடம். 35–35 என்று சமநிலை, 1 நிமிடம் 54 விநாடி மிச்சம். கேன்சஸ் சிட்டிக்கு மூன்றாவது டவுன், தேவை 8 யார்டு, பந்து ஃபிலடெல்ஃபியாவின் 15ஆம் யார்டில். ரிசீவர் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரை நோக்கிக் கேன்சஸ் சிட்டி குவாட்டர்பேக் மஹோம்ஸ் வீசிய பந்து எட்டாமல் தாண்டிப் போனது. ஆனால் அதற்கு முன்பே, ரிசீவர் உள்ளே போய் வெளியே திரும்பும்போது, ஃபிலடெல்ஃபியா கார்னர்பேக் ஜேம்ஸ் பிராட்பெரி அவர் ஜெர்சியை இழுத்திருந்தார். கொடி. 5 யார்டுதான், ஆனால் தானாகக் கிடைத்த முதல் டவுன் கேன்சஸ் சிட்டியைக் கடிகாரத்தைக் கரைக்க விட்டது. 8 விநாடி மீதமிருக்கும்போது 27 யார்டு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்து 38–35 என வென்றார்கள். ஜெர்சியை இழுத்தது உண்மைதான் என்று பிராட்பெரியே ஆட்டம் முடிந்ததும் ஒப்புக்கொண்டார்.

“பந்துதான் எட்டவே இல்லையே” என்று அன்று நிறையப் பேர் கேட்டார்கள். எட்டாத பந்து என்ற விலக்கு பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு மட்டுமே உரியது. ஹோல்டிங்குக்கும் இல்லீகல் கான்டாக்டுக்கும் அது கிடையாது. பந்து வேறு ரிசீவருக்குப் போனாலும், குவாட்டர்பேக் பாக்கெட்டுக்குள்ளேயே விழுத்தப்பட்டாலும் (இதுதான் சாக்) அவை செல்லும். மூன்றாவது டவுனில் அருமையாகக் கிடைத்த ஒரு சாக், மறுகோடியில் ஒருவர் ஜெர்சியைப் பிடித்ததால் அழிந்துபோவது இப்படித்தான்.

5. பந்து காற்றில்: பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்

ஸ்கிரிமேஜ் கோட்டிலிருந்து (ஸ்னாப்பின்போது பந்து இருந்த கோடு) ஒரு யார்டுக்கு மேல் தள்ளி நடக்கும் செயல், பந்தைப் பிடிக்கும் வாய்ப்பை ரிசீவருக்குக் குறிப்பிடத்தக்க அளவு கெடுத்தால் அது இன்டர்ஃபியரன்ஸ். தடுக்கும் அணியான டிஃபன்ஸுக்கு இந்த விதி பந்து கையை விட்ட நொடியில் தொடங்கி, யாராவது தொடும் நொடியில் முடிகிறது.

பந்து காற்றில் இருக்கும்போது அது இருவருக்கும் பொது. டிஃபண்டரும் பந்தைப் பிடிக்கப் போகலாம். அந்த முயற்சியில் இருவரும் மோதிக்கொண்டால் குற்றமில்லை. எனவே இங்கே கேட்க வேண்டியது, டிஃபண்டர் பந்தை ஆடுகிறாரா, ஆளை ஆடுகிறாரா என்பதுதான். நடுவர்கள் தேடுவது திட்டமான சில வடிவங்களை:

- பந்தைப் பார்க்காமல் வந்து மோதி, பிடிக்கும் வாய்ப்பைக் கெடுப்பது. சீக்கிரமாக வந்து இடிப்பது இந்த வகை.
- பந்தைத் தட்டுவதற்காக ரிசீவரின் முதுகு வழியாகப் பாய்வது.
- ரிசீவரின் கையைப் பிடித்துக் கீழே அமுக்குவது. இரண்டு கையால் பிடிக்க வேண்டியவர் ஒரு கையால் துழாவுவதைப் பார்த்தால், இன்னொரு கை எங்கே மாட்டியிருக்கிறது என்று உடனே தேடுங்கள்.
- ரிசீவரின் உடம்புக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுப்பது. பந்தைப் பார்த்துக்கொண்டே செய்தாலும் இது குற்றம்.
- பந்தை ஆடாமல், உடம்பால் மோதி வழியை அடைப்பது.
- இடுப்பிலோ தோளிலோ கையைக் கொக்கிபோல் மாட்டி, பந்து வரும் முன்பே ரிசீவரின் உடம்பைத் திருப்பிவிடுவது.

கடைசி வகைதான் கண்ணுக்கு லேசில் பிடிபடாது. கையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரிசீவரின் ஜெர்சி எண்ணைப் பாருங்கள். பந்து இன்னும் ஓரடி தள்ளி இருக்கும்போதே அந்த எண் பக்கவாட்டில் சுழன்றால், கொக்கி விழுந்திருக்கிறது.

“டிஃபண்டர் தலையைத் திருப்பவே இல்லை, அதனால் இன்டர்ஃபியரன்ஸ்” என்பது பரவலான தவறு. தலை திருப்பாதது மட்டுமே குற்றமாகாது. தொடாமல் ரிசீவரின் முகத்துக்கு முன் கையை ஆட்டிப் பார்வையை மறைப்பதற்கும் என்.எஃப்.எல்.இல் கொடி இல்லை. தலை திருப்பாமல் மோதும்போதுதான் சிக்கல். பந்தை ஆடினேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வழியில்லாமல் போய்விடுகிறது. ஆகவே பின்தங்கிவிட்ட கார்னர்பேக் ரிசீவரின் கைகளைக் கவனிக்க வேண்டும். அவை உயரும்போது பந்து வந்துகொண்டிருக்கிறது. உள்ளங்கையில் பந்து பட்டதும் இரு கைகளுக்கு இடையே தன் கையை நுழைத்து இழுக்கலாம். கால் நொடி முந்தினால் அதே அசைவு குற்றம்.

ரிசீவருக்கும் இந்த விதி பொருந்தும். தள்ளிவிட்டு இடைவெளி உண்டாக்கினால், பந்தை வைத்திருக்கும் அணியான அஃபென்ஸ் மீது 10 யார்டு. இருவரும் ஒருவரை ஒருவர் சமமாகத் தட்டிக்கொண்டு ஓடினால், நடுவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

6. கொடி விழாத தொடல்கள்

பந்தை நோக்கி ஓடும்போது கால்கள் தற்செயலாகப் பின்னிக்கொள்வது; கையை மேலே வைத்திருந்தும் அசைவைத் தடுக்காமல் இருப்பது; பந்து இருவருக்குமே எட்டாத தூரம் போனபோது நடந்த தொடல். கடைசியதற்கு நடுவர் தலைக்கு மேல் கையைப் படுக்கையாக வீசிக் காட்டுவார்.

பன்ட் அமைப்பில், அதாவது பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குத் தருவதற்கான அமைப்பில், நின்றுகொண்டு திடீரென்று பந்தை வீசினால், ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரரை மறித்ததற்கு டிஃபன்ஸ் மீது இன்டர்ஃபியரன்ஸ் கிடையாது. பன்ட் வருகிறது என்று நம்பித்தானே அவரை மறிக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு விதி தரும் பாதுகாப்பு இது.

7. தலையும் கழுத்தும்: தனிக் கணக்கு

மேலே சொன்ன எல்லாக் கேள்விகளையும் தாண்டித் தனியாக நிற்கும் விதி இது. பந்தைப் பிடிக்கும் முயற்சியில் இருப்பவர், பிடித்தும் இன்னும் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்கு வராதவர், இருவரையும் தலையிலோ கழுத்திலோ பலமாக இடிக்கக்கூடாது. ஹெல்மெட்டைத் தாழ்த்தி அவர் உடம்பில் முட்டவும் கூடாது. 15 யார்டு, முதல் டவுன், சில நேரம் வெளியேற்றமும். பந்து வந்து பட்டுவிட்டது, நேரம் சரியாக இருந்தது என்ற வாதம் இங்கே செல்லாது. தோள் நெஞ்சில் தொடங்கி மேலே ஏறித் தலையில் பட்டாலும் குற்றமே. அதனால்தான் பயிற்சியாளர்கள் குறியை ரிசீவரின் விலாவுக்கு இறக்கச் சொல்கிறார்கள்.

8. தண்டனைக் கணக்கு, கல்லூரி, பள்ளி

ஒரே உதாரணத்தில் எல்லாம் தெரிந்துவிடும். பந்து தன் பக்கத்து 30ஆம் யார்டில். மூன்றாவது டவுன், தேவை 18 யார்டு. குற்றம் நடந்தது எதிரணியின் 25ஆம் யார்டில், அதாவது 45 யார்டு தள்ளி (எண்கள் நடுக்கோடான 50வரை ஏறி, மறுபக்கம் இறங்கும்).

என்.எஃப்.எல்.இல் அது இல்லீகல் கான்டாக்ட் அல்லது ஹோல்டிங் என்றால்: 5 யார்டு, பந்து 35க்கு வரும். தேவைப்பட்டது 18 என்றாலும் முதல் டவுன் தானாகக் கிடைக்கும். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்றால்: குற்றம் நடந்த இடமான எதிரணி 25இல் முதல் டவுன். பந்து விழுந்த இடத்தை எண்ணாதீர்கள். குற்றம் எண்ட் ஸோனுக்குள் (மைதானக் கோடியில் புள்ளி எடுக்கும் பகுதி) நடந்தால் பந்து 1ஆம் யார்டில் வைக்கப்படும்.

கல்லூரி ஆட்டத்தில் இன்டர்ஃபியரன்ஸுக்கு உச்சவரம்பு 15 யார்டு. அதற்குள் நடந்திருந்தால் நடந்த இடம். இங்கே பந்து தன் பக்கத்து 45க்கு வரும், முதல் டவுனோடு. 5 யார்டு எல்லை அங்கே இல்லை. பந்து காற்றில் போகும்வரை, ரிசீவர் டிஃபண்டர் நிற்கும் யார்டு கோட்டை எட்டும்வரை அவரைத் தள்ளலாம். ஹோல்டிங்குக்கு 10 யார்டும் முதல் டவுனும். இந்த 15 யார்டு வரம்பால்தான், ரிசீவரிடம் முழுசாகத் தோற்றுவிட்ட கல்லூரி கார்னர்பேக், டச்டவுன் (பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) விடுவதைவிட ஆளையே பிடித்துவிடுகிறார். கணக்குப் பார்த்தால் அது சரியான முடிவு, என்.எஃப்.எல்.லுக்கு வந்த முதல் ஆண்டில் அதே பழக்கம் 45 யார்டை விழுங்குகிறது.

பெரும்பாலான மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளில் இன்டர்ஃபியரன்ஸுக்கு 15 யார்டு மட்டும், தானாக முதல் டவுன் கிடையாது. நம் உதாரணத்தில் பந்து 45இல், மீண்டும் மூன்றாவது டவுன், தேவை 3 யார்டு. பந்து எட்டுமா என்ற கேள்வியும் அங்கே விலக்காகாது. டெக்சாஸ் பள்ளிகள் கல்லூரி விதிகளைப் பின்பற்றுவதால் அங்கே ஆட்டம் பார்ப்பவர்கள் கல்லூரிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காணொளி மறுபார்வையை நம்பாதீர்கள். 2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸில், பந்து வரும் முன்பே ரிசீவரை இடித்தும் கொடி விழாமல் போனதால், 2019 பருவத்தில் மட்டும் என்.எஃப்.எல். இன்டர்ஃபியரன்ஸை மறுபார்வைக்கு விட்டுப் பார்த்தது. அடுத்த பருவத்தில் கைவிட்டது. பயிற்சியாளர் இப்போது இதைச் சவாலுக்கு எடுக்க முடியாது.

9. ஒரு காட்சியை எடுத்துப் பழகும் முறை

ஒரே காட்சியை மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை குவாட்டர்பேக்கை மட்டும்: பாக்கெட்டை விட்டு வெளியேறியது எப்போது, பந்து கையை விட்டது எப்போது என்று நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை முழு வேகத்தில் ரிசீவரை மட்டும் பாருங்கள். நிறுத்தக்கூடாது. மெதுவாக ஓட்டினால் எந்தத் தொடலும் கொடூரமாகத் தெரியும். ஓட்டம் தடைபட்டதா என்பதை முழு வேகம்தான் காட்டும்.

மூன்றாம் முறை மெதுவாக, ஆனால் வரிசையைச் சரிபார்க்க மட்டும்: கை முதலில் பட்டதா, பந்து முதலில் வந்ததா? குறித்துவைத்த நொடியோடு ஒப்பிட்டு, எந்தக் கட்டத்தில் நடந்தது என்று முடிவுசெய்த பிறகே குற்றத்தின் பெயரை எழுதுங்கள். நடுவரின் அறிவிப்பைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். அவர் சொன்ன பெயரும் நீங்கள் எழுதிய பெயரும் வேறானால், 2ஆம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். பெரும்பாலும் பந்து கையை விட்ட நொடியைத்தான் தவறாகக் குறித்திருப்பீர்கள்.